மானி இல்லாத காலத்து மிதிப்பு: ஆழிக்குமரன் ஆனந்தனின் 187 மணி நேரம்

1979 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் திகதி, கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி ஒரு மனிதர் சைக்கிள் மிதிக்கத் தொடங்கினார். மே 10 ஆம் திகதிதான் நிறுத்தினார். இடையில் போனது 187 மணி 28 நிமிடம். முழுதாக ஏழு நாட்கள், அதற்கு மேல் பத்தொன்பதரை மணி நேரம். அந்தக் காலத்தில் 99.95 வீதமான நேரம் சில்லு உருண்டுகொண்டே இருந்தது என்று கின்னஸ் புத்தகம் பதிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், கிட்டத்தட்ட எட்டு நாட்களில் அவர் நின்ற நேரம் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஐந்தரை நிமிடமளவில்தான் வரும்.

அவர் பெயர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். எங்கள் சனம் அவரை ஆழிக்குமரன் ஆனந்தன் என்று அழைத்தது. கடலை நீந்திக் கடந்தவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். சைக்கிளில் இப்படியொரு காரியம் செய்தவர் என்பது இன்றைய பிள்ளைகளில் அநேகமானோருக்குத் தெரியாது.

நான் திருகோணமலையில், உட்துறைமுகக் கரையோரம் வசிப்பவன். காலையில் சைக்கிள் ஓட்டுகிறவன். மாலையில் நான்கைந்து பிள்ளைகளுக்கு அதைப் பழக்குகிறவன். என்னுடைய சைக்கிளின் ஹாண்டிலில் சிறிய திரை ஒன்று இருக்கிறது. அதில் எப்போதும் இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று என் இதயம் நிமிடத்துக்கு எத்தனை தரம் அடிக்கிறது என்பது. மற்றது என் கால்கள் பெடலுக்கு எத்தனை வோட் வலு கொடுக்கின்றன என்பது. இந்த இரண்டு எண்களோடு பழகிய பிறகுதான் ஆனந்தன் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. அதனால் அவருடைய வாழ்க்கையை அந்த எண்களின் வழியாகவே இங்கே சொல்ல நினைக்கிறேன்.

வல்வெட்டித்துறைப் பிள்ளை

ஆனந்தன் பிறந்தது 1943 மே 25 ஆம் திகதி. ஊர் வல்வெட்டித்துறை. அந்த ஊருக்குக் கடல் என்றால் முற்றம். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. 1954 இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை முதன்முதலாக நீந்திக் கடந்தபோது ஆனந்தனுக்குப் பத்து வயது. வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து கோடியக்கரைக்கு அவர் எடுத்த நேரம் 27 மணி. அந்த நீச்சலைப் பற்றிய பேச்சு பல வருடங்கள் ஓயாமல் இருந்த கரையில்தான் ஆனந்தன் வளர்ந்தார்.

படித்து, தொழிலால் சட்டத்தரணியானார். ஆனால் வழக்குகளை விட உடம்பின் எல்லையைத்தான் அவர் அதிகம் குறுக்கு விசாரணை செய்தார் என்று சொல்லலாம்.

1966 இல் வங்காளத்தைச் சேர்ந்த மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தியிருந்தார். 1971 இல் ஆனந்தன் போய்ச் சேர்ந்ததோடு நிற்கவில்லை. தனுஷ்கோடிக்குப் போய், திரும்பி, மீண்டும் எங்கள் கரைக்கு நீந்தி வந்தார். மொத்தம் 51 மணி நேரம். போய்த் திரும்பிய முதல் மனிதர் அவர்தான். அவர் தொட்டுத் திரும்பிய தனுஷ்கோடி, 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன ஊர். அன்றைக்கு அந்தக் கடலில் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. யுத்தம் வந்தது, கப்பல் நின்றது. பிறகு அதே நீரிணையை எங்கள் சனம் இரவில் படகேறி அகதிகளாகக் கடந்தது. வழியில் மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டுத் தண்ணீருக்குத் தவித்தவர்கள் இன்றும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அந்தக் கடலின் தூரம் என்னவென்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

கடலுக்குப் பிறகு தரையில் அவர் செய்தவை பல. தொடர்ந்து 128 மணி நேரம் ருவிஸ்ற் நடனம் ஆடினார். 1980 இல் 33 மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றார். அந்தச் சாதனையை இரண்டு வருடத்துக்குள் தமிழ்நாட்டின் சத்தியமங்கலத்தில் ஒருவர் 34 மணி நேரம் நின்று முறியடித்தார். 1981 இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் நிலை நீச்சலில் இருந்தார். இரண்டு நிமிடத்தில் 165 தடவை படுத்தெழும்பும் பயிற்சி, ஏழு மணி நேரத்துக்குள் 9,100 தடவை காலை உயர்த்தி உதைத்தல் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றிலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். மனித உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்?

மானிகள் வருவதற்கு முன்

ஆனந்தன் விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி மிதித்தபோது, உலகில் எந்தச் சைக்கிள் வீரரின் நெஞ்சிலும் இதயமானிப் பட்டி இருக்கவில்லை. பின்லாந்தில் போலார் நிறுவனம் தொடங்கப்பட்டது 1977 இல். நெஞ்சில் கட்டிய பட்டி அடிக்கும் துடிப்பைக் கம்பியில்லாமல் மணிக்கட்டுக்கு அனுப்பும் அவர்களுடைய முதல் கருவி விற்பனைக்கு வந்தது 1982 இல். சைக்கிளில் பூட்டும் பவர் மீற்றரை ஜெர்மனியின் உல்ரிச் ஷோபரர் என்ற பொறியியலாளர் செய்தது 1986 இல். அப்போது ஆனந்தன் உயிரோடு இல்லை.

இதயமானியின் வேலை லேசானது. ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயத்தில் எழும் சிறு மின்னலையை நெஞ்சுப் பட்டி பிடிக்கிறது. வைத்தியசாலையில் ஈசிஜி எடுப்பதும் இதே மின்னலையைத்தான். பவர் மீற்றர் இன்னும் நுட்பமானது. நாம் மிதிக்கும்போது பெடலின் அச்சோ அதைத் தாங்கும் இரும்புத் தண்டோ மயிரிழையை விடக் குறைவாக வளைகிறது. அந்த வளைவு உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய உலோக வலையின் மின்தடையை மாற்றுகிறது. அந்த மாற்றத்திலிருந்து விசை தெரியும். விசையோடு சுழலும் வேகத்தையும் சேர்த்துப் பெருக்கினால் வலு, அதாவது வோட் கிடைக்கும்.

இரண்டும் சொல்வது ஒரே விடயமல்ல. பவர் மீற்றர் நாம் செய்த வேலையைச் சொல்கிறது. இதயமானி அந்த வேலைக்கு உடம்பு கொடுத்த விலையைச் சொல்கிறது. காலையில் 120 வோட்டுக்கு 130 துடிப்பு என்றால், மதிய வெயிலில் அதே 120 வோட்டுக்கு 150 துடிப்பு ஆகலாம். வேலை கூடவில்லை, விலைதான் கூடிவிட்டது. வியர்வையாக நீர் போகப்போக இரத்தத்தின் கனவளவு குறைகிறது. ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் இரத்தமும் குறைகிறது. குறைந்ததை ஈடு செய்ய இதயம் அடிக்கடி அடிக்கிறது. தோலைக் குளிர்விக்கவும் அதே இரத்தம்தான் ஓட வேண்டும். திருகோணமலையில் ஜூன் தொடங்கி வீசும் கச்சான் காற்றில் ஓடிப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். முகத்தில் அடுப்பைத் திறந்து வைத்தது போல இருக்கும். வேகம் கூடாமலே நெஞ்சு படபடக்கும்.

உட்துறைமுக வீதியில் ஒரு கணக்கு

ஆனந்தன் அந்த 187 மணி நேரத்தில் போன தூரம் 1,487 மைல். கிலோமீற்றரில் 2,390க்குச் சற்று மேல். மணிக்குப் பன்னிரண்டே முக்கால் கிலோமீற்றர் என்ற சராசரி வேகம். இந்த வேகத்தைக் கேட்டதும் என்னிடம் பழகும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மீன் பெட்டி கட்டிக்கொண்டு போகிறவர்களே அதை விட வேகமாகப் போவார்களாம்.

அடுத்த சனிக்கிழமை அதிகாலை நானே அந்த வேகத்தில் ஓடிப் பார்த்தேன். உட்துறைமுக வீதியில் தொடங்கி, நகரத்தைச் சுற்றி, உப்புவெளி, சாம்பல்தீவு என்று மேடில்லாத பாதையாகப் பார்த்து ஓடினேன். பிரட்றிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையையும் உவர்மலையையும் தவிர்த்துவிட்டேன். பூங்காவைச் சுற்றும் பாதையில் அப்படியான ஏற்றம் இல்லை. திரையில் வலு 40க்கும் 50க்கும் இடையில் நின்றது. கடல்காற்று முகத்துக்கு வந்தால் 60. ஒரு பழைய குண்டு பல்பு எரியும் வலு.

இதை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ருவர் டி பிரான்ஸில் முன்னணியில் வருகிறவர்கள் மலையேற்றத்தில் அரை மணி நேரத்துக்கும் மேலாக உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆறு வோட் அளவில் கொடுப்பார்கள். எழுபது கிலோ ஆளுக்கு அது 420 வோட். அதன் பக்கத்தில் 45 வோட் ஒன்றுமே இல்லை. பாடசாலைப் பிள்ளையும் கொடுக்கும். அப்படியானால் ஆனந்தனின் சாதனை எங்கே இருக்கிறது?

வோட்டை மணித்தியாலத்தால் பெருக்கிப் பாருங்கள். 45 வோட்டை 187 மணி நேரம் கொடுத்தால் எட்டரை யூனிற்றுக்குச் சற்றுக் குறைவான சக்தி வரும். மின்சார சபையின் பட்டியலில் வரும் அதே யூனிற்தான். ஒரு மனிதர் தன் கால்களால் ஒரு சிறு வீட்டின் சில நாள் மின்சாரத்தை உண்டாக்கியிருக்கிறார். கால்களுக்குக் கிடைக்கும் ஒரு பங்கு வேலைக்கு உடம்பு நான்கு பங்கு சக்தியை எரிக்கிறது. மிச்சம் மூன்று பங்கும் சூடாகப் போகிறது. உடம்பு சும்மா இருக்கத் தேவையானதையும் சேர்த்தால் நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கலோரி. அவ்வளவையும் ஓடும் சைக்கிளில் இருந்தபடியே உண்டு குடித்துச் செமிக்க வேண்டும்.

இதயத்துக்கு வருவோம். நான் ஆறு மணி நேரம் அதே வேகத்தில் தொடர்ந்தேன். தொடங்கும்போது 92 ஆக இருந்த துடிப்பு, பதினொரு மணி வெயிலில் 108 ஆனது. வலு மாறவில்லை. ஆறு மணி நேரத்தில் அவ்வளவு. ஆனந்தனுக்கு நிமிடத்துக்கு நூறு துடிப்பு என்று வைத்துக்கொண்டாலும், அந்த எட்டு நாட்களில் அவருடைய இதயம் பதினொரு இலட்சத்துக்கு மேல் அடித்திருக்க வேண்டும். அதுவும் தென்மேல் பருவ மழை தொடங்குவதற்கு முந்தின மே மாதத்துக் கொழும்பின் புழுக்கத்தில். அவருக்கு முப்பத்தாறு வயது நிறைய இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

இதயத்தை விடப் பெரிய எதிரி நித்திரை. நாலாவது இரவில் நித்திரை ஓர் ஆசையாக இருப்பதில்லை, நோயாகிவிடுகிறது. கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் உறங்கி எழும்பும். இல்லாதவை கண்ணுக்குத் தெரியும். 1964 இல் ரண்டி கார்ட்னர் என்ற அமெரிக்க மாணவன் 264 மணி நேரம் விழித்திருந்தான். அவனுக்கு மிதிக்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. ஆனந்தன் விழித்திருந்ததோடு சமநிலையையும் காக்க வேண்டியிருந்தது. நின்றால் விழும் வாகனம் சைக்கிள். பின்னாளில் நித்திரையில்லாமல் இருக்கும் சாதனைகளை ஏற்பதையே கின்னஸ் நிறுத்திவிட்டது. உயிருக்கு ஆபத்து என்பதுதான் காரணம்.

வேகத்தைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகளிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

டைனமோவின் மூன்று வோட்

இதை எழுதும் எனக்கு வோட் என்ற சொல் முதலில் அறிமுகமானது விளையாட்டில் அல்ல.

1990 இல் திருகோணமலையிலிருந்து இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் இருந்தோம். பொருளாதாரத் தடை. பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. பின்னேரச் செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தை ரேடியோவுக்குக் கொடுப்போம். அந்த டைனமோ 6 வோல்ற், 3 வோட். சுற்றும் வேகம் குறைந்தால் குரல் மங்கிவிடும். யார் வீட்டில் என்ன நடந்தது, எந்த ஊரில் குண்டு விழுந்தது என்பதை அறிய ஒரு பிள்ளை விடாமல் சுற்ற வேண்டும். வடக்கில் அந்தக் காலத்தில் வாழ்ந்த எவரும் இதை மறந்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு அதுதான் முதல் பவர் மீற்றர். செய்தி தெளிவாகக் கேட்டால் வலு போதும் என்று அர்த்தம்.

அந்த இரவுகளில் அப்பா ஆனந்தனின் கதையைச் சொல்வார். சுற்றிக் கை உளைகிறது என்று நாங்கள் முறைப்படும்போதுதான் அந்தக் கதை வரும். எட்டு நாள் மிதித்தவரைப் பற்றிக் கேட்ட பிறகு, பதினைந்து நிமிடச் செய்திக்குச் சுற்ற முடியாது என்று எந்தப் பிள்ளை சொல்லும்? ஆனந்தன் எனக்குள் வந்தது அப்படித்தான்.

பிறகு வந்த வருடங்களில் ஒரு ஷெல் துண்டு என்னுடைய இடது தொடையில் ஏறியது. அது இன்னும் உள்ளே இருக்கிறது. 2002 சமாதான காலத்தில் திருகோணமலைக்குத் திரும்பினோம். நடையில் வித்தியாசம் தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படியே நம்பியிருந்தேன். கனடாவில் இருக்கும் மைத்துனர் தான் பாவித்த பவர் மீற்றர் பெடல் சோடியை அனுப்பி, அதைப் பூட்டி ஓடியபோது திரையில் இடது கால் 43 வீதம், வலது கால் 57 வீதம் என்று வந்தது. அத்தனை வருடமும் வலது கால் இடது காலின் சுமையையும் சேர்த்துச் சுமந்திருக்கிறது. உடம்பு எனக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்ததை ஒரு இரும்புத் துண்டு சொல்லிவிட்டது. அதன் பிறகு இடது காலுக்கெனத் தனியாகப் பயிற்சி செய்து இப்போது 47க்கு வந்திருக்கிறேன்.

எங்கள் மக்களில் இப்படிச் சுமை மாற்றிச் சுமப்பவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்க்கிறேன். காயம் கால்களில் மட்டும் இருப்பதில்லை. இதயமானியை இரவில் கட்டிக்கொண்டு படுத்தால் அதுவும் சில விடயங்களைச் சொல்லும். நல்ல நித்திரை கொண்ட காலையில் என் துடிப்பு 58. பழைய கனவுகள் வந்து எழும்பிய காலையில் 70. அப்படியான நாளில் கடுமையாக ஓடினால் பயிற்சி உடம்பில் ஏறாது, களைப்புத்தான் ஏறும். வீரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உடம்பின் நடைமுறை அது.

பன்குளத்துக்கு அப்பால்

என்னிடம் பழகும் பிள்ளைகளில் ஒருவனுக்குப் பதினேழு வயது. தாயோடு வாழ்கிறான். தகப்பன் இல்லாமல் போனது யுத்தத்தின் கடைசி மாதங்களில். ஆனந்தனின் நினைவு நாளுக்குத் திருகோணமலையிலிருந்து வல்வெட்டித்துறைக்கு ஒரே நாளில் சைக்கிளில் போக வேண்டும் என்று அவன் முடிவெடுத்தான். ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா, அங்கிருந்து ஏ9 வீதி. இருநூறு கிலோமீற்றருக்கு மேல். அதற்கான பயிற்சி ஓட்டம் ஒன்றில் நான் கூடப் போனேன். என்னுடைய பட்டியை அவன் நெஞ்சில் கட்டி, பவர் மீற்றர் பூட்டிய சைக்கிளை அவனுக்குக் கொடுத்து, அவனுடைய சைக்கிளில் நான் பின்னால் வந்தேன்.

கச்சான் வீசும் நாள். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். முதல் மணி நேரத்தில் 120 வோட்டுக்கு அவனுடைய துடிப்பு 142. பன்குளம் தாண்டியும் நிதானமாகவே ஓடினான். ஒன்பது மணிக்கு மேல் எண்கள் பிரியத் தொடங்கின. வலு 120 இலேயே இருந்தது. துடிப்பு 155, 163, பிறகு 171. வியர்வை குறைந்துவிட்டது. கேட்டதற்கு ஒன்றுமில்லை அண்ணை என்றுதான் சொன்னான். அவனுடைய முகத்தைப் பார்த்தாலும் ஒன்றுமில்லை என்றுதான் தெரிந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு முகத்தில் ஒன்றும் தெரியாமல் வைத்திருக்கப் பழக்கம் உண்டு.

நான் அவனை நிறுத்தச் சொன்னேன். மரநிழலில் இருத்தி, தலையில் தண்ணீர் ஊற்றி, உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழிந்தும் துடிப்பு நூறுக்குக் கீழே இறங்கவில்லை. அவன் அழுதான். ஆனந்தன் நிறுத்தியிருக்க மாட்டார் என்றான்.

அவனுக்கு அன்றைக்கு நான் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். 187 மணி நேரம் போகக்கூடிய வேகம் எதுவென்று அறிந்து, அதற்கு மேல் போகாமல் தன்னைப் பிடித்து வைத்திருந்தவர் ஆனந்தன். பலம் இருந்தும் வேகத்தை அடக்கியதில்தான் அந்தச் சாதனை இருக்கிறது. மானி இல்லாமலே அவர் தன் மூச்சையும் வியர்வையையும் தசையின் வலியையும் வாசித்திருக்கிறார். எங்களுக்கு மானி இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு அது சொல்வதைக் கேட்காமல் ஓடினால் அவரை நாங்கள் பின்பற்றவில்லை என்றுதான் அர்த்தம். தாயிடம் அவனைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவது எந்தச் சாதனையை விடவும் எனக்குப் பெரிது.

அந்த ஓகஸ்டில் அவன் வல்வெட்டித்துறைக்குப் போனான். இரண்டு நாளில், வவுனியாவில் இரவு தங்கி, வெயில் ஏறமுன் ஓடி முடித்து.

குளிர்ந்த கடல்

ஆனந்தனுடைய கதையின் கடைசிப் பக்கமும் இதைத்தான் சொல்கிறது.

1984 ஓகஸ்டில் அவர் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கப் போனார். ஆசியாவிலிருந்து அதை முதலில் கடந்தவர் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்த புரோஜன் தாஸ், 1958 இல். மிகிர் சென்னும் அதே வருடம் கடந்தார். கால்வாயின் மிகக் குறுகிய இடம் 34 கிலோமீற்றரளவில் இருக்கும். 51 மணி நேரம் நீந்தியவருக்கு அந்தத் தூரம் பெரிதல்ல. ஆனால் பாக்கு நீரிணையின் தண்ணீர் 28 பாகை அளவில் வெதுவெதுப்பானது. ஓகஸ்டிலும் ஆங்கிலக் கால்வாய் 16, 18 பாகைக்கு மேல் ஏறுவது அரிது. குளிர்ந்த தண்ணீர், அதே குளிரான காற்றை விட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்பின் சூட்டை உறிஞ்சும். கை கால்களுக்குப் போகும் இரத்தத்தை உடம்பு குறைக்கும். தசை மரக்கும். இதயத்தின் ஒழுங்கான தாளமே தடுமாறலாம். பயிற்சியின் பலம் ஒன்று, குளிரின் விதி வேறொன்று.

ஓகஸ்ட் 6 ஆம் திகதி, அந்த முயற்சியில் ஆனந்தன் உயிரிழந்தார். வயது 41.

1983 ஜூலையிலிருந்து அப்போது ஒரு வருடம்தான் கழிந்திருந்தது. கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்த மாதம் அது. திருகோணமலையிலும் எங்கள் தெருக்கள் எரிந்தன. அந்த நாட்டின் பெயரைத்தான் ஆனந்தன் ஒவ்வொரு சாதனைப் பக்கத்திலும் தன் பெயருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு யுத்தம் எல்லாவற்றையும் மூடியது. விளையாட்டு வீரர்களின் பெயர்கள் பின்னுக்குப் போயின. இன்று வல்வெட்டித்துறை ரேவடிக் கடற்கரையில் அவருடைய பெயரில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. பிள்ளைகள் அங்கே நீந்தப் பழகுகிறார்கள்.

எழுதி வைப்போம்

ஆனந்தனின் வாழ்க்கையில் எங்களுக்கு மிஞ்சியிருப்பவை மணித்தியாலங்களும் மைல்களும்தான். அந்த எட்டு இரவுகளில் அவருடைய இதயம் எப்படி அடித்தது, எந்த மணியில் தளர்ந்தது, எதை உண்டு மீண்டது என்பவற்றைப் பிடித்து வைக்க அன்று கருவி இருக்கவில்லை. இருந்திருந்தால் நித்திரை, வெப்பம், களைப்பு பற்றி உலகம் படிக்கக்கூடிய ஒரு பாடம் எங்கள் மண்ணிலிருந்து போயிருக்கும். பதிவு இல்லாமல் போனால் எவ்வளவு போய்விடுகிறது என்பதை, 1981 இல் நூலகம் எரிந்ததைக் கண்ட இனத்துக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே பாடசாலை விளையாட்டு ஆசிரியர்களிடமும் கழகங்களிடமும் என்னுடைய வேண்டுகோள் சிறியது. பவர் மீற்றர் விலை கூடியது, எல்லோருக்கும் கட்டாது. நெஞ்சுப் பட்டி ஒன்றைப் பத்துப் பிள்ளைகள் பகிரலாம். அதுவும் இல்லையென்றால் இரண்டு விரலும் ஒரு மணிக்கூடும் போதும். காலையில் கண் விழித்ததும் பாயில் இருந்தபடியே மணிக்கட்டில் விரலை வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். இரண்டு கிழமையில் உங்கள் வழமையான எண் தெரிந்துவிடும். அதை விட ஏழெட்டு கூடிய நாளில் லேசாக ஓடுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கூடினால் ஓய்வெடுங்கள், தேவையென்றால் வைத்தியரைப் பாருங்கள். 220 இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு வரும் என்ற கணக்கு ஒரு சராசரிதான். ஆளுக்காள் பத்துப் பன்னிரண்டு கூடிக் குறையும். அதை வேதமாக எடுக்க வேண்டாம். உங்கள் கொப்பியில் உள்ள உங்கள் எண்தான் உங்களுக்குச் சரி.

எங்கள் காலை ஓட்டம் கடற்கரையில் காந்தி சிலையைத் தாண்டித்தான் போகும். 2006 ஜனவரி 2 ஆம் திகதி ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. அந்த இடத்தில் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைப்பார்கள். திரையில் வோட் விழும், துடிப்பு மட்டும் கொஞ்ச நேரம் விழாது. ஓட்டம் முடிந்து வந்து கொப்பியில் எழுதும்போது அந்த இடத்து எண்ணையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஓர் உடம்பு எதையெல்லாம் சுமந்தபடி ஓடுகிறது என்பது பின்னால் வாசிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.